தாரம்: மனைவியும் மேல்சுரமும்

தாரம் என்ற சொல்லைத் தமிழ் அகராதியில் பார்த்தால், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மனைவி என்பது ஒன்று. ஏழு சுரங்களில் ஏழாவது என்பது ஒன்று. உச்ச இசை, அதாவது குரல் ஏறக்கூடிய மேல் எல்லை, இன்னொன்று. அரும்பண்டம் என்பது மற்றொன்று. பேச்சில் இவற்றுள் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது. முதல் தாரம், இரண்டாம் தாரம், தாய்க்குப் பின் தாரம், தாரமும் குருவும் தலைவிதி என்று நாம் அன்றாடம் சொல்லும் தாரமெல்லாம் மனைவியே. பத்திரத்திலும் வாரிசுச் சான்றுக்கான மனுவிலும் இந்தச் சொல் எண்ணோடு சேர்ந்தே வருகிறது. ஒருவனுக்கு எத்தனையாவது என்று கேட்கும் சொல் அது.

தூத்துக்குடியில் தமிழிசையின் சுரப்பெயர்களை வகுப்பில் நடத்தும்போது, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி என்று சொல்லி ஏழாவதாகத் தாரம் என்று பலகையில் எழுதியதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். ஓர் ஆண்டு, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த மாணவி நேராகவே கேட்டாள்: “தாரம்னா பொண்டாட்டிதானே மேடம்? அது எப்படி மேல்ஸ்தாயி ஆகும்?” இலக்கணப்படி அதற்கு ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்ட கேள்வி இலக்கணத்தைத் தாண்டியது. ஒரே ஒலியுடைய இரண்டு சொற்களில் ஒன்று வீட்டுக்குள் தங்கிவிட்டது, மற்றது மறந்துபோனது. ஏன் என்பதே கேள்வி.

முதலில் சொல்லின் பிறப்பைப் பிரித்துவிடுவோம். மேல்சுரத்தைக் குறிக்கும் தாரமும் மனைவியைக் குறிக்கும் தாரமும் வடமொழியில் வேறுவேறு சொற்கள். முன்னதில் ‘தலை’யில் ஒலிக்கும் த. பின்னதில், ‘தயவு’ என்று பேச்சில் சொல்லும்போது ஒலிக்கும் அதிர்வுடைய த. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மேல்சுரத் தாரத்தைக் கடத்தல், கரை சேர்த்தல் என்ற பொருளுடைய வேரோடு சேர்ப்பார்கள். தாரக மந்திரம் என்று நாம் சொல்வதும் அந்த வேரிலிருந்து வந்ததே. தெளிந்த முத்துக்கும் வடமொழி அகராதிகளில் இதே சொல் உண்டு. மனைவியைக் குறிக்கும் சொல்லையோ பழைய இலக்கணக்காரர்கள் பிளத்தல் என்ற வினையிலிருந்து விளக்கினார்கள். குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்று இன்றும் மருமகளைப் பற்றிச் சொல்லப்படுவதற்கு இலக்கண உரையிலேயே இடம் இருந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் இந்தச் சொல் ஆண்பால், அதுவும் பன்மை. ஒருத்தியைச் சொல்லும்போதும் அது ஆண்பால் பன்மையாகவே நடக்கும். பெயரில்கூட அவளுக்கு அவளுடைய பாலும் இல்லை, ஒருமையும் இல்லை.

தமிழில் இந்தச் சொல் நுழைந்த வழியும் கவனிக்கத் தக்கது. தொல்காப்பியம் காஞ்சித் திணையில் இரண்டு நிலைகளை அடுத்தடுத்து வைக்கிறது. காதலியை இழந்தவனின் நிலை தபுதார நிலை. காதலனை இழந்தவளின் நிலை தாபத நிலை. தபுதாரம் என்றால் தாரம் கெட்டுப்போனது என்று பொருள். ஆணின் இழப்புக்கு, அவனிடமிருந்து எது போனதோ அதன் பெயர். பெண்ணின் இழப்புக்கு, அவள் இனி என்ன செய்யவேண்டுமோ அதன் பெயர், தவம். இருவரும் இழந்தவர்களே. ஆனால் ஒருவருக்குச் சொத்துக் கணக்கும் மற்றவருக்கு நடத்தை விதியும் கிடைத்தன.

மூன்றாவது பொருளான அரும்பண்டம், தருதல் என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கத்தக்க தமிழ்ச் சொல். புறநானூற்றின் 30ஆம் பாட்டில், கலங்களிலிருந்து இறங்கி வழியெல்லாம் சொரிந்துகிடக்கும் கடற்பொருள்களுக்கு இந்தப் பெயரே. 343ஆம் பாட்டில் பரணர் முசிறித் துறையைக் காட்டும்போது மலையில் விளைந்ததும் கடலில் விளைந்ததும் தாரம் என்ற சொல்லால் குறிக்கப்படுகின்றன. வணிக வரலாறு எழுதுபவர்கள் எல்லோரும் எடுத்தாளும் பாட்டு இது. ஆனால் அதன் துறை மகட்பாற்காஞ்சி என்பதை அவர்கள் அதிகம் சொல்வதில்லை. பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், மறுப்பு வருகிறது. முசிறியின் செல்வம் முழுவதையும் பணிந்து கொடுத்தாலும், தகுதியில்லாதவரை இவள் மணக்கமாட்டாள் என்று சொல்லித் தந்தை மறுக்கிறான். தாரம் என்ற பண்டத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து மறு தட்டில் பெண்ணை வைக்கும் பாட்டு அது. அவளுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது என்று பாட்டே சொல்கிறது. ஆனால் அந்த விருப்பத்தை நாம் தந்தையின் வாயிலிருந்துதான் கேட்கிறோம். அவள் குரல் பாட்டில் இல்லை.

குரல் என்றதும் இசைக்கு வருவோம். குரலைச் சட்சமாகக் கொண்டால் தாரம் நிஷாதம், அதாவது ஏழில் கடைசி. சுரங்கள் உடலில் பிறக்கும் இடங்களைச் சொல்லும் மரபில், குரலுக்கு மிடறு, விளரிக்கு நெஞ்சு, தாரத்துக்கு மூக்கு. ஆனால் சிலப்பதிகார உரை மரபு சுரங்களின் பிறப்பைச் சொல்லும்போது வரிசை தலைகீழாகிறது. தாரத்தில் உழை பிறக்கிறது. உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. ஒவ்வொன்றும் தனக்கு ஐந்தாவதான சுரத்தைப் பெறுகிறது. இன்றைய அரிகாம்போதியின் சுரங்களை வைத்து யார் வேண்டுமானாலும் ஆர்மோனியத்தில் சரிபார்க்கலாம்: நி, ம, ச, ப, ரி, த, க. எண்ணும்போது கடைசியில் நிற்கும் தாரம், பிறப்பில் முதலில் நிற்கிறது. குரலே தாரத்தின் வழியில் வந்ததுதான். மனைவி என்ற பொருளில் தாய்க்குப் பின் வருவது தாரம். இசையில் தாரமே தாய். இந்த ஒரு செய்தியை மாணவிகள் மறக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொற்பொருத்தத்தை வைத்து விடுதலை பேசிவிட முடியாது என்றும் அவர்களுக்குச் சொல்வேன். இரண்டு சொற்கள் ஒலியால் ஒன்றானது தற்செயல். அந்த இரண்டு பொருளும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் சேர்ந்து நிற்க முடிந்ததா என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

அப்படி வாழ்ந்து பார்த்த முதல் பெண்ணாக நான் காரைக்கால் அம்மையாரைப் படிக்கிறேன். பெரியபுராணம் சொல்லும் கதை தெரிந்ததே. மாங்கனி நிகழ்ச்சிக்குப் பிறகு புனிதவதியைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போனவன், திரும்பி வந்து பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி, வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். அவனைத் தேடிப் போகும் புனிதவதியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். தாரம் என்ற உறவு அந்த இடத்தில் முடிகிறது. அவனுக்காகச் சுமந்த உடம்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறார் அவர். அதன் பிறகு திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில், சுடுகாட்டுக் கூத்தின் இசையைச் சொல்லும் இடத்தில், சுரங்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். அவற்றுள் தாரமும் இருக்கிறது. இலக்கண வரிசைப்படி கடைசியில் வைக்காமல் நடுவில், விளரிக்கும் உழைக்கும் இடையில் வைக்கிறார். மனைவி என்ற பொருளில் அந்தச் சொல்லை இழந்த ஒரு பெண், சுரம் என்ற பொருளில் அதைத் தன் பாட்டில் எழுதிவைத்திருக்கிறார். பக்தி இலக்கிய வகுப்புகளில் பேயுருவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தச் சுரப்பெயர்களில் நின்று பேசுவதில்லை.

அடுத்து நாம் போகவேண்டிய இடம் இருபதாம் நூற்றாண்டின் நாடக மேடை. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய வள்ளி திருமணத்தைப் பாடித்தான் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஊர் ஊராகப் புகழ் பெற்றார்கள். வள்ளி நாடகத்தில் பெண்ணின் உயர்ந்த குரலுக்குக் கதையிலேயே இடம் உண்டு. பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுபவள் அவள். புனம் முழுவதும் கேட்கவேண்டிய குரல். மணமாகி முருகனுக்கு இரண்டாவது தாரமான பின் அவள் குரலைப் பற்றிப் பேச்சில்லை. திருச்செந்தூரில் கடலை ஒட்டி வள்ளி குகை இருக்கிறது. குனிந்து உள்ளே போய் அவளை வணங்கிவிட்டு வருகிறோம். பரண் எங்கே, குகை எங்கே!

கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாள், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகியவர். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டால் தெரியும். தாரஸ்தாயிக்குப் போகும்போது அந்தக் குரல் மெலிவதில்லை. தமிழிசை மரபு மூன்று ஸ்தாயிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர் வைத்தது. மேலே ஏறுவதை வலிவு என்று ஏன் அழைத்தார்கள் என்பதற்குச் சுந்தராம்பாளின் குரலே போதுமான உரை. 1927இல் அவர் கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். ஊர் வழக்கில் சொன்னால் சுந்தராம்பாள் இரண்டாம் தாரம். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைக் கதர் உடுத்தினார். ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். தொல்காப்பியம் பெயரிட்ட தாபத நிலையை இருபதாம் நூற்றாண்டில் ஒரு நட்சத்திரம் தானே ஏற்றுக்கொண்டார்.

இந்த முடிவை அன்பின் சின்னமாகவே இதுவரை எழுதிவந்திருக்கிறோம். அன்பு இருந்திருக்கும். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் குரலுக்குத் திரையில் என்னென்ன இடங்கள் திறந்தன என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். 1935இல் நந்தனார்: ஆண் வேடம், ஒரு லட்சம் ரூபாய் ஊதியம். 1953இல் ஔவையார். 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1973இல் காரைக்கால் அம்மையார். ஓர் ஆண், ஒரு கிழவி, ஒரு துறவி, ஒரு பேய். மனைவி ஒருத்திகூட இல்லை. ஔவையார் படத்தில், திருமணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டுப் பெறும் இளம் ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. முதுமை வந்த பிறகே சுந்தராம்பாள் வருகிறார். காரைக்கால் அம்மையார் படத்தில் மனைவியான புனிதவதியாக நடித்தவர் லட்சுமி. மனைவியின் உடம்பை உதறிய பிறகே சுந்தராம்பாள் வருகிறார். வயதுக்கு ஏற்ற நடிகர் தேர்வு என்று இதை விளக்கலாம். ஆனால் இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்களும் ஒரே கோட்டைப் போட்டிருக்கின்றன. தாரமாக இருக்கும் வரை ஒருத்தி, தாரத்தில் பாட இன்னொருத்தி.

இதை விதியாக்க முடியாது என்று யாராவது மறுக்கலாம். எம். எஸ். சுப்புலட்சுமி 1940இல் சகுந்தலையில் காதலியாகவும் மனைவியாகவும் பாடினாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1945இல் அவருக்கு நாடு தழுவிய புகழைத் தந்த வேடம், அரண்மனையையும் கணவனையும் விட்டு வெளியேறிய மீரா. பின்னணிக் குரல் வந்த பிறகு கதாநாயகிகள் எல்லோரும் மேல்ஸ்தாயியில்தானே பாடினார்கள் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அங்கேதான் தாரத்தையும் வலிவையும் பிரித்துக் கேட்கவேண்டும். குடும்பப் பெண்ணாகப் போகிற கதாநாயகிக்குத் திரை கொடுத்தது உயர்ந்த, ஆனால் மெல்லிய குரல். வலிவு கழிக்கப்பட்ட தாரம். அது பாடகிகளின் குறையல்ல, கேட்டவர்கள் விரும்பியது அது. நெஞ்சிலிருந்து வலிவோடு எழும் எல். ஆர். ஈஸ்வரியின் குரலுக்குத் திரையில் அதிகம் கிடைத்தவை விடுதி நடனப் பாட்டுகள். திரைக்கு வெளியே கிடைத்தவை ஆடி மாதம் ஒலிபெருக்கியில் தெருவை நிறைக்கும் அம்மன் பாட்டுகள். ஆட்டக்காரிக்கும் அம்மனுக்கும் பொருந்திய குரல் இடைப்பட்டவளுக்குப் பொருந்தவில்லை.

திரையை விட்டு எங்கள் கரைக்கு வருகிறேன். இங்கே தாரத்தின் மூன்று பொருளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. முத்துக் குளிப்பவன் கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்கு இறங்கும்போது, மேலே கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் நிறுத்துவான் என்று இங்கே சொல்வார்கள். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். மனைவி என்ற தாரம், கடலில் விளையும் தாரத்தை எடுக்கப் போகிறவனுக்குப் பிணையாக நின்றாள். சலாபக் கணக்குகளில் அவள் பெயர் வராது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக் குளிப்பு 1961ஓடு நின்றது. கயிறு போய்விட்டது, பிணை போகவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பும் வரை வீட்டிலிருப்பவள் எப்படி இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது.

அவளுடைய உயர்ந்த குரலுக்கு ஊர் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று குலவை, மற்றது ஒப்பாரி. கோவில் கொடையில் குலவையிட்டால் கூட்டம் சிலிர்க்கும். சொல் இல்லாத சுரம் என்பதால் யாருக்கும் அச்சமில்லை. ஒப்பாரியில் சொல் உண்டு. கணவன் வீட்டார் செய்த கொடுமை வரை அதில் சொல்லலாம். ஆனால் அது பிணத்தின் முன்னால் மட்டும். இலக்கணம்கூட நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கி, விளரி யாழைக் கொடுத்து, கடற்கரைப் பெண்ணை அழவே வைத்திருக்கிறது. இந்த இரண்டு வாசல்களுக்கும் வெளியே குரலை உயர்த்தினால் அதற்கு வேறு பெயர். மீன்காரி மாதிரிக் கத்தாதே என்று எத்தனை வீடுகளில், எத்தனை ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறோம்! மீன் விற்பவள் தெருமுனையில் நின்று கூவுவது, மூடிய கதவுக்குள் இருப்பவருக்குக் கேட்பதற்காக. அந்தச் சுருதி அவள் தொழிற்கருவி. கூடையைப் போல, தராசைப் போல. அதை வசவாக்கியபோது பெண்ணின் குரலோடு ஒரு சாதியையும் ஒரு கரையையும் சேர்த்தே இழிவு செய்தோம். அந்தக் கூவலில் வளர்ந்த மகள்கள் கல்லூரிக்கு வந்ததும் முதலில் கற்றுக்கொள்வது குரலைத் தாழ்த்திக்கொள்ள. கருத்தரங்கில் கட்டுரை படிக்கும்போது மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை. அதை அடக்கம் என்று பாராட்டும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

2018இன் தொடக்கத்தில் குமரெட்டியாபுரத்துப் பெண்கள் தாமிர ஆலைக்கு எதிராக மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மனைவிகளே. துறவிகளோ, கிழவிகளோ, தெய்வங்களோ அல்லர். சமைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். போராட்டத்தின் நூறாம் நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்த கூட்டத்திலும் பெண்கள் நிறைந்திருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், பெண்களும் அவர்களில் உண்டு. அந்த நூறு நாளைப் பற்றிச் சட்டத்தின் வழியிலும் சூழலின் வழியிலும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. என் துறை குரல் என்பதால் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. திறந்த வெளியில் ஆயிரம் பேர் திருப்பிச் சொல்லும்படி ஒரு முழக்கத்தை எடுத்துக் கொடுக்க, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும் குரல் வேண்டும். அதற்கு மேடைப் பயிற்சி பெற்ற யாரும் அங்கே இல்லை. இருந்தவர்கள் குலவையும் ஒப்பாரியும் சந்தைக் கூவலும் தெரிந்த பெண்கள். அந்த மூன்றிலிருந்தும் என்னென்ன முழக்கத்துக்குள் வந்தன? எந்தச் சுருதியில் எடுத்தார்கள்? எடுத்துக் கொடுத்தவள் மறுநாள் வீட்டில் என்ன கேட்டாள்?

இவற்றை அகராதியும் உரையும் சொல்லமாட்டா. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவிகளிடம் நான் இதைச் செய்யச் சொல்லிவருகிறேன். ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். சுந்தராம்பாளின் இசைத்தட்டுகளுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு அந்தப் பெண்களைக் கேளுங்கள். எத்தனை கட்டையில் எடுத்தார்கள் என்று ஆர்மோனியத்தை வைத்துக் குறியுங்கள். யாருடைய மனைவி என்ற தகவல் ஆய்வேட்டில் வேண்டியதில்லை. தாரம் என்ற தலைப்பில் அவர்களுடைய சுருதியை எழுதினால் போதும்.